பாட்டைப் பதிவது வீட்டிலா, கலையகத்திலா?

தாலாட்டிலிருந்து ஒப்பாரி வரை பாட்டு நம் பெண்களோடு கூடவே வந்திருக்கின்றது. வயலில் நாற்று நடும்போதும் அருவி வெட்டும்போதும் பாடினார்கள். ஊஞ்சல் கட்டினால் ஒரு பாட்டு, கும்மி கொட்டினால் ஒரு பாட்டு, கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு ஒரு பாட்டு. கூத்துக் களரி ஆண்களுக்குரியது என்று ஒதுக்கி வைத்திருந்த காலத்திலும் அண்ணாவியார் வீட்டுப் பெண்கள் பலருக்கு வரவுப் பாட்டுகள் மனப்பாடமாக இருந்தன. ஆனால் இந்தப் பாட்டுகளில் எத்தனையோ எங்கும் பதியப்படாமலே, பாடிய பெண்களோடு போய்விட்டன.

இப்போது நிலைமை மெல்ல மாறி வருகின்றது. மாதர் சங்கங்களுக்கும் பஜனைக் குழுக்களுக்கும் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் போகும்போது ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றேன். "அக்கா, எங்கட சங்கத்துக் காசில ஒரு மைக்கும் சாமானுகளும் வாங்கலாமோ, இல்லாட்டி டவுனில ஸ்டூடியோவுக்குப் போய் ரெக்கோட் பண்ணுறதோ?" தாங்களே பாட்டெழுதி மெட்டமைக்கும் இளம் பிள்ளைகளும் இதையே கேட்கின்றார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் சிறிய தொகைதான். சீட்டெடுத்த காசாக இருக்கும், அல்லது சங்கத்தின் சேமிப்பாக இருக்கும். அதைத் தவறான இடத்தில் போட்டால் காசும் போகும், பாட்டும் கிடைக்காது. ஆகவே சற்று ஆறுதலாக இருந்து யோசிக்க வேண்டிய விடயம் இது.

எந்தக் கருவி நல்லது என்பதை முதலில் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பாட்டு எதற்காகப் பதியப்படுகின்றது என்பதைத்தான் கேட்க வேண்டும். நான் கண்ட அளவில், ஒருமுறை மட்டுமே பாடக்கூடிய பாட்டுகள் உண்டு. நூறு முறை பாடக்கூடிய பாட்டுகளும் உண்டு. முதலாவது வகைக்கு வீடுதான் இடம். இரண்டாவது வகைக்குக் கலையகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

திரும்பப் பாடச் சொல்லக் கூடாத பாட்டு

கலையகம் என்பது இயங்குவதே திரும்பத் திரும்பப் பாடுவதில்தான். "இரண்டாவது வரி கொஞ்சம் இறங்கிப் போச்சு, இன்னொருக்கா எடுப்பம்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். பாடகரும் மீண்டும் பாடுவார். பக்திப் பாடலுக்கும் விழிப்புணர்வுப் பாடலுக்கும் இது சரியான முறை. பத்தாவது தடவையில்தான் நல்லது அமையும்.

ஆனால் எழுபது வயது ஆச்சி ஒருவரின் ஒப்பாரியை இப்படிப் பதிய முடியுமா? குளிரூட்டிய அறையில், காதில் ஹெட்போனுடன், முன்பின் தெரியாத ஒருவரின் முன்னால், பிள்ளையை நினைத்துப் பாடும் வரியை மூன்றாம் தடவை பாடச் சொல்வது பாட்டுப் பதிவல்ல. அது ஆறாத புண்ணைக் கிளறுவது. ஒப்பாரி, நெஞ்சுக்குள் இருப்பதை வெளியே விடுவதற்குப் பெண்களுக்குச் சமூகம் அனுமதித்த ஒரே வழியாக நெடுங்காலம் இருந்தது. சுருதி விலகினாலும், இடையில் அழுகை வந்தாலும், அது பிழையல்ல. அதுவே அந்தப் பாட்டு.

ஆகவே இப்படியான பாட்டை அவர் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே, திண்ணையிலோ அடுப்படியிலோ, அவருக்குப் பழக்கமான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பதிய வேண்டும். ஒருமுறை போதும். இடையில் நிறுத்தினால் நிறுத்தட்டும். இதற்குக் கைத்தொலைபேசியே போதும் என்பது என் கருத்து. கருவி வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆச்சிமாருக்கு வயது போய்க்கொண்டிருக்கின்றது.

ஆனால் அனுமதி விடயத்தில் கவனம் வேண்டும். பதிகின்றோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். யார் கேட்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாடி முடித்த கையோடு கேட்டால் "சரி பிள்ளை" என்றுதான் சொல்வார். அடுத்த நாளோ இரண்டு நாள் கழித்தோ போய், போட்டுக் காட்டி, மறுபடி கேளுங்கள். ஒப்பாரியில் ஆட்களின் பெயர் வரும், ஊர் வரும், கொண்டுபோன நாளும் வரும். குடும்பத்துக்குள் இருக்க வேண்டியது வட்ஸ்அப் குழுவுக்கும் முகநூலுக்கும் போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது. வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். எவ்வளவு அருமையான பாட்டாக இருந்தாலும் அதுதான் நியாயம்.

கைத்தொலைபேசியில் பதிவோருக்குச் சில குறிப்புகள். அழைப்பு வந்தால் பதிவு கெட்டுவிடும். ஆகவே பிளைட் மோட்டில் போடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல், மடித்த துவாயின் மேல், பாடுபவரிடமிருந்து ஒன்றரை முழம் தூரத்துக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். முடிந்தால் வேவ் என்ற வடிவில் சேமியுங்கள். அது நிமிடத்துக்கு 5 முதல் 10 மெகாபைற் வரை இடம் பிடிக்கும். ஆனால் ஒலி நசுங்காது. வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டுவிடும் என்பதால் கோப்பாக, டொக்கியூமன்ற் என்ற வழியில் அனுப்ப வேண்டும்.

கருவியை விட அறை முக்கியம்

இனி, வெளியே கொண்டுபோகும் எண்ணத்தோடு பதியப்படும் பாட்டுகளுக்கு வருவோம். வீட்டில் பதிவதற்குப் பொதுவாகத் தேவைப்படுபவை ஒரு ஒலிவாங்கி, அதைக் கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்டர்பேஸ் என்ற சிறிய பெட்டி, ஹெட்போன், ஒரு மடிக்கணினி ஆகியன. மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஓடாசிற்றி என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. குரலைப் பதிந்து வெட்டி ஒட்டுவதற்குத் தாராளமாகப் போதும்.

கடைக்காரர்கள் கண்டென்சர் ஒலிவாங்கியைத்தான் காட்டுவார்கள். அது நுணுக்கமாகப் பிடிக்கும் என்பது உண்மை. இயங்க 48 வோல்ற் மின்சாரம் கேட்கும். பெரும்பாலான இன்டர்பேஸ் பெட்டிகள் அதைக் கொடுக்கும். ஆனால் அந்த நுணுக்கமே நமக்கு வினையாகிவிடும். பக்கத்து வளவில் சேவல் கூவுவதும், றோட்டில் மோட்டார் சைக்கிள் போவதும், தகரக் கூரையில் பூவரசம் இலை விழுவதும் சேர்ந்து பதிவாகும். வீட்டுத்திட்ட வீடுகளின் வெறும் சீமெந்துச் சுவர்கள் குரலைத் திருப்பி எறியும். கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கும். இப்படியான வீட்டுக்கு, மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை ஒலிவாங்கிதான் பொருத்தம். கிட்டே உள்ள குரலை எடுத்து, எட்ட உள்ள சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். இவ்வகையில் ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.58 உலகம் முழுவதும் பெயர் பெற்றது; 1966 முதல் வருகின்றது. அதனாலேயே போலிகளும் ஏராளம். வழக்கத்துக்கு மாறாக மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

அறையைச் சரிசெய்யக் கடையில் விற்கும் பஞ்சுப் பலகைகள் தேவையில்லை. மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு தடித்த போர்வைகளைக் கயிற்றில் தொங்கவிட்டால் எதிரொலி பெருமளவு அடங்கிவிடும். சேலைகள் நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பாடுவதும் நல்ல பலன் தரும். 'ப', 'ம்ப' போன்ற எழுத்துகளில் காற்று அடிப்பதைத் தடுக்க ஒரு வடிதிரை வேண்டும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலோன் காலுறையை இழுத்துப் பொருத்தி, வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே வைத்தால் சரி. தையல் தெரிந்த வீடுகளில் இதற்கு ஐந்து சதமும் செலவில்லை! வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையில் ஒரு சாண் இருக்கட்டும். திரையில் ஒலி அளவு சிவப்பைத் தொடக் கூடாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டலாம். உடைந்து பதிந்ததை ஒட்ட முடியாது.

வீட்டின் மிகப் பெரிய நன்மை நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, சமையல் முடித்து, பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் பாடலாம். குரல் சரியில்லையென்றால் நாளைக்குப் பாடலாம். பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் இந்தச் சுதந்திரத்துக்குப் பெறுமதி அதிகம். நகரத்துக் கலையகத்தில் முன்னிரவில்தான் இடம் கிடைத்தது என்றால், கடைசி பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டே பாட வேண்டியிருக்கும்.

ஆனால் வீட்டில் முடியாதவையும் உண்டு. மிருதங்கம், ஆர்மோனியம், உடுக்கு, ஆறு குரல் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலிவாங்கி வேண்டும். ஒன்றின் சத்தம் மற்றதற்குள் போகாதபடி வைக்கத் தெரிய வேண்டும். சிறிய அறையில் தோல் வாத்தியம் முழங்கினால் மற்ற எதுவும் கேட்காது. இதை இரண்டு ஒலிவாங்கியோடு வீட்டில் முயன்று மாதக்கணக்கில் அலைந்த குழு ஒன்றை எனக்குத் தெரியும். கடைசியில் அவர்கள் கலையகத்தில் அரை நாளில் முடித்தார்கள்.

கலையகத்தில் எதற்குக் காசு கொடுக்கின்றோம்?

பலர் நினைப்பது போல விலை கூடிய கருவிகளுக்கு மட்டும் அல்ல. அமைதியான அறைக்கும், பழகிய காதுக்கும் கொடுக்கின்றோம். சுருதி எங்கே விலகுகின்றது, எந்த வரியில் சொல் தெளிவில்லை என்று சொல்ல ஒருவர் இருப்பார். வானொலிக்கோ பாடல் போட்டிக்கோ இறுவட்டாகவோ போகும் பாட்டுக்கு இந்தக் காது அவசியம்.

ஆனால் அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒத்திகை பார்க்காமல் கலையகத்துக்குப் போவது, மீற்றர் போட்ட முச்சக்கர வண்டியை நிறுத்தி வைத்துவிட்டுச் சந்தையில் மரக்கறி தெரிவு செய்வதைப் போன்றது. சுருதி எது, எத்தனை சரணம், எங்கே கோரஸ், எவ்வளவு வேகம் என்பவை வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும். போனில் பதிந்து நாலு தடவை கேட்டுவிட்டுப் போனால் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பாட்டும் முடிக்கலாம்.

முற்பணம் கொடுக்க முன்னர் சில விடயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். கட்டணம் மணித்தியாலத்துக்கா, பாட்டுக்கா? வாத்தியக்காரரின் சம்பளம் அதற்குள் அடங்குமா? பிறகு திருத்தம் வேண்டுமென்றால் எத்தனை தடவை இலவசம்? குரல், வாத்தியம் ஆகியவற்றின் தனித்தனிக் கோப்புகளையும் தருவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் மறந்துவிடுகின்றார்கள். தனிக்கோப்புகள் கையில் இருந்தால் நாளை வேறு இடத்தில் திருத்தலாம். இல்லையென்றால் காலம் முழுவதும் அவர்களிடமே போக வேண்டும். பாட்டு யாருடைய யூ டியூப் தளத்தில் ஏறும் என்பதையும் கேளுங்கள். "நாங்களே போட்டு விடுறம்" என்பது உதவி போலத் தோன்றும். ஆனால் பார்வைகளும் வருமானமும் அவர்கள் பக்கம் போய்விடலாம். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கின்றது. பாட்டை இயற்றியவருக்கு வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. பாடியவருக்கும் அச்சட்டத்தில் உரிமை உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதி இருவரும் கையொப்பம் இடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தனியாகப் போகக் கூச்சமென்றால் இருவராகப் போங்கள். பதிவறைக்குள் நம் ஆள் ஒருவர் இருக்க அனுமதிக்காத இடத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவே

வீடா, கலையகமா என்று கேட்கும்போது, இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்கின்றோம். உலகப் புகழ் பெற்ற பாடகர்களே அப்படிச் செய்யவில்லை. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் தம் வீட்டில், நான்கு தடங்கள் கொண்ட சாதாரண கசற் கருவியில் சில பாட்டுகளைப் பதிந்தார். அவை ஒத்திகைக்காக மட்டுமே. பின்னர் இசைக்குழுவோடு கலையகத்தில் அதே பாட்டுகளைப் பதிந்து பார்த்தபோது, கசற்றில் இருந்த தனிமை போய்விட்டது. கடைசியில் அந்தக் கசற்றையே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளியிட்டார். ஆனால் கசற் ஒலியை இசைத்தட்டுக்கு மாற்றுவதற்குத் தொழில்நுட்பவியலாளர்கள் மிகவும் பாடுபட வேண்டியிருந்தது.

பில்லி ஐலிஷ் என்ற இளம் பாடகியும் அவருடைய அண்ணனும் லொஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையிலேயே பெரும்பாலும் உருவாக்கிய இசைத்தொகுப்பு 2019இல் வெளிவந்து, 2020 ஜனவரியில் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. படுக்கையறையில் பாடியே விருது வாங்கினார்கள் என்று இதைச் சொல்வார்கள். ஒலிக்கலவையையும் இறுதிச் சீரமைப்பையும் அனுபவம் மிக்க வேறு இருவர் செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

நமக்கும் இது பொருந்தும். குரலை வீட்டில் நம் நேரத்தில் பதியலாம். அந்தக் கோப்பைக் கலையகத்துக்குக் கொண்டுபோய் வாத்தியமும் கலவையும் மட்டும் அங்கே செய்விக்கலாம். போகும் நாளும் குறையும், செலவும் குறையும். ஆனால் வீட்டுப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். மின்விசிறிச் சத்தத்தையும் எதிரொலியையும் பிறகு முற்றாக நீக்க எந்தக் கலையகத்தாலும் முடியாது. முதலில் ஒரு பாட்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

கடன் எடுத்து வாங்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. தையல் இயந்திரம் வாங்கினால் அடுத்த கிழமையே பிளவுஸ் தைத்துக் காசு பார்க்கலாம். ஒலிவாங்கி அப்படி உழைத்துத் தராது. கிழமைத் தவணை கட்ட முடியாமல் நம் பெண்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களை அரசாங்கமே ஏற்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர் இறக்குமதிக் கருவிகளின் விலையும் ஏறியது. நகையை அடைவு வைத்து மைக் வாங்குவதைவிட, போனில் பதிந்துகொண்டு ஒரு வருடம் காத்திருப்பது மேல்.

கையில் காசு இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கருவிகளின் மொத்த விலையை, உங்கள் ஊர்க் கலையகத்தின் ஒரு மணித்தியாலக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 40 என்று வந்தால், அந்தக் காசுக்கு 40 மணித்தியாலம் கலையகத்தில் பாடலாம். வருடத்துக்கு இரண்டு பாட்டுப் பதியும் குழுவுக்கு அது பல வருடங்களுக்குக் காணும், கருவி தேவையில்லை. கிழமைக்கு ஒரு பாட்டுப் பதிபவருக்கு அல்லது பாட்டு வகுப்பு நடத்துபவருக்கு, ஒரு வருடத்துக்குள்ளேயே கருவி இலாபம். கலையகக் கணக்கில் பஸ் காசையும், அன்றைய நாள் கூலி போவதையும் சேர்க்க மறக்க வேண்டாம். சங்கமாக வாங்கினால் யார் வீட்டில் இருக்கும், யார் யார் எப்போது எடுக்கலாம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழுது பார்க்கச் சிறு தொகையும் ஒதுக்க வேண்டும். தலைவியின் வீட்டு அலுமாரியில் பூட்டிய கருவிகளை நிறையக் கண்டிருக்கின்றேன்.

பதிந்த பிறகு

1990களில் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுற்றி ரேடியோவும் கசற்றும் கேட்டதை நம் அம்மாமார் சொல்வார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கேட்ட கசற்றுகளில் எத்தனை இன்று இருக்கின்றன? இடம்பெயர்வின்போது உடுபுடவையைத்தான் எடுத்தார்கள். கசற்றுகள் வீட்டோடு போயின. குடும்பப் படங்கள் போனது போலவே, பேத்திகள் கேட்க வேண்டிய குரல்களும் போயின.

ஆகவே ஒரு பிரதியோடு நிறுத்த வேண்டாம். ஒன்று போனில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம். பொதுவில் வைக்கப் பாடியவர் சம்மதித்தால் நூலக நிறுவனத்துடன் தொடர்புகொள்ளலாம். 2005இல் தொடங்கிய அந்த நிறுவனம் நூல்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் ஆவணப்படுத்துகின்றது.

கோப்புக்குப் பெயர் வைப்பதையும் தள்ளிப் போடாதீர்கள். போன் தானாகக் கொடுக்கும் இலக்கங்களை வைத்து, ஆறு மாதத்தின் பின் யார் பாடியது என்று கண்டுபிடிக்க முடியாது. பாடியவரின் பெயர், ஊர், பாட்டின் முதல் வரி, திகதி நான்கும் இருக்க வேண்டும். இதைவிடச் சுலபமான வழி, பெயரையும் ஊரையும் பாட்டோடு சேர்த்து அவரையே சொல்ல வைப்பது. 1902 நவம்பரில், கல்கத்தாவில் ஒரு விடுதியின் அறையைத் தற்காலிகக் கலையகமாக்கிப் பாடகி கௌஹர் ஜானின் பாட்டுகளைப் பதிந்தார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் தம் பெயரை உரத்துச் சொன்னார். இசைத்தட்டை அச்சிட்டவர்கள் தொலைவில் ஜேர்மனியில் இருந்தார்கள். யாருடைய குரல் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.